வியன்னாவில் ஒரு தட்டு காளான், ஆற்காட்டில் ஒரு முற்றுகை

1/ மழை ஆரம்பிச்சா ரெண்டு விஷயம் முளைக்கும். ஒண்ணு காளான். இன்னொண்ணு, "விஷக் காளானைக் கண்டுபிடிக்க எளிய வழி" என்று வரும் வாட்ஸப் ஃபார்வர்டு. கொதிக்கும்போது வெள்ளி ஸ்பூன் போடுங்க, பூண்டு போடுங்க, அரிசி போடுங்க, கறுத்தா விஷம்னு அதுல இருக்கும். இந்த த்ரெட் அந்த ஃபார்வர்டுக்கான பதில். கொஞ்சம் நீளம்தான். வரலாறு வழியாப் போய் ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

2/ மேல்விஷாரத்துல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல ஆற்காடு. பாலாற்றங்கரையில் 'டெல்லி கேட்' வாசல் இன்னும் நிற்கிறது. 1751-ல் ராபர்ட் கிளைவ் சுமார் 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்ற கதையை ஸ்கூல் புக்ல எல்லாரும் படிச்சிருப்போம். அந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அது 11 வருஷம் முன்னாடி, வியன்னாவில், ஒரு தட்டு காளானில் தொடங்குகிறது.

3/ 1740 அக்டோபர். புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸுக்கு அப்போது 55 வயது. வேட்டைக்குப் போனவர் காளான் சமைத்துச் சாப்பிட்டார். இரவில் குமட்டல், வாந்தி. அரண்மனை வைத்தியர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். சுமார் பத்து நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, அக்டோபர் 20-ஆம் தேதி இறந்தார்.

4/ அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வந்தார். "பெண் ஆள்வதா?" என்று சாக்கு சொல்லி, அதே டிசம்பரில் பிரஷ்யாவின் இரண்டாம் ஃப்ரெடரிக் சைலீஷியாவுக்குள் படையோடு நுழைந்தார். பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. இதுதான் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர். அந்தக் காளான் தட்டுதான் ஐரோப்பாவின் தலைவிதியை மாற்றியது என்று வால்டேர் பின்னாளில் எழுதினார்.

5/ ஐரோப்பாவோட அது நிக்கல. 1744-ல் பிரான்சும் பிரிட்டனும் நேருக்கு நேர் போர் அறிவித்தன. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் தன் மகன் மஹ்ஃபூஸ் கானைப் பெரும் படையோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை அதை விரட்டியது. நவாப் படையைத் தோற்கடிக்க முடியும் என்று வெள்ளைக்காரன் தெரிந்துகொண்டது அன்றுதான்.

6/ அப்புறம் நடந்தது எல்லாம் நம்ம வீட்டு வாசல்ல. 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர்ப் போர். சந்தா சாஹிபும் முஸஃபர் ஜங்கும் பிரெஞ்சுத் துணையோடு வந்தார்கள். அன்வருத்தீன் கான் போர்க்களத்திலேயே கொல்லப்பட்டார். அவருடைய இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார். திருச்சியைச் சந்தா சாஹிப் வளைத்துக்கொள்ள, அவர் கவனத்தைத் திருப்பத்தான் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். மீதி உங்களுக்கே தெரியும்.

7/ எல்லாப் பழியையும் காளான் மேல போட்டுட முடியாது. சைலீஷியா மேல் ஆசை, வியாபாரப் போட்டி, ஹைதராபாத்திலும் ஆற்காட்டிலும் பதவிச் சண்டை என்று காரணங்கள் நிறைய. ஆனால் டாக்டரா எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச இடம் வேற. சார்லஸ் சாப்பிட்டது எந்தக் காளான் என்று யாரும் எடுத்து வைக்கவில்லை. அப்புறம் எப்படி இன்றைய மருத்துவர்கள் பலர் ஒரே ஒரு இனத்தைச் சந்தேகப்படுகிறார்கள்? பதில்: கடிகாரம்.

8/ அந்த இனத்தின் பெயர் அமனிடா ஃபாலாய்ட்ஸ். ஆங்கிலத்தில் 'டெத் கேப்', நாம 'சாவுத் தொப்பி'ன்னு வச்சுக்கலாம். வெளிர் பச்சைக் குடை, தண்டில் ஒரு வளையம், அடியில் முட்டை ஓடு மாதிரி ஒரு கிண்ணம். நாத்தம் இல்லை, கசப்பு இல்லை. சாப்பிட்டு உயிர் பிழைத்தவர்கள் ருசியா இருந்துச்சுன்னே சொல்லியிருக்கிறார்கள். அதன் விஷம் அமாடாக்சின். கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், காய வைத்தாலும் போகாது.

9/ அந்த விஷத்துக்கு ஒரு நேர அட்டவணை இருக்கு.
முதல் 6 முதல் 12 மணி நேரம்: ஒன்றுமே தெரியாது. நல்லா இருப்பாங்க.
அடுத்து: கடுமையான வயிற்று வலி, வாந்தி, காலரா மாதிரி பேதி.
ஒரு நாள் கழித்து: வாந்தி, பேதி நின்றுவிடும். "சரியாயிடுச்சு டாக்டர், வீட்டுக்குப் போறோம்" என்பார்கள்.
மூன்றாம், நான்காம் நாள்: கண் மஞ்சள், ரத்தம் உறையாமை, நினைவு தடுமாற்றம். கல்லீரல் கைவிடுகிறது.

10/ அந்த மூன்றாவது கட்டம்தான் ஆளைக் கொல்வது. எலி பேஸ்ட் சாப்பிட்டு வருகிறவர்களிடமும் இதே ஏமாற்று அமைதியை அரசு மருத்துவமனையில் நாங்கள் பார்க்கிறோம். நோயாளி எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார். சொந்தக்காரங்க டிஸ்சார்ஜ் கேட்பாங்க. உள்ளே கல்லீரல் செல்கள் செத்துக்கொண்டிருக்கும். காளான் விஷயத்திலும் "வாந்தி நின்னுடுச்சு" என்பது நல்ல செய்தி இல்லை.

11/ இந்தக் கடிகாரத்தை இன்னொரு பேரரசர் மேலயும் வச்சுப் பார்க்கலாம். ரோமின் கிளாடியஸ், கி.பி. 54. மனைவி அக்ரிப்பினா காளானில் விஷம் வைத்ததாகப் பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் அடுத்த நாள் விடிவதற்குள்ளோ, அதை ஒட்டியோ இறந்துவிட்டார். சாவுத் தொப்பி மட்டும் என்றால் இவ்வளவு வேகமாகக் கொல்லாது. அப்போ காளானில் வேறு ஏதோ கலந்திருக்க வேண்டும், அல்லது கதையே வேறாக இருக்க வேண்டும். சார்லஸின் பத்து நாள் கணக்கு பொருந்துகிறது. கிளாடியஸின் ஒரு ராத்திரிக் கணக்கு இடிக்கிறது.

12/ சரி, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க மனுஷன் முயற்சி பண்ணலையா? ரெண்டாயிரம் வருஷமா பண்றான். ரோமானிய எழுத்தாளர் பிளினி, துருப்பிடித்த இரும்புக்கும், மக்கிய துணிக்கும், பாம்புப் பொந்துக்கும் பக்கத்தில் முளைக்கும் காளான்கள் விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று எழுதி வைத்தார். அதாவது விஷம் காளானுக்குள் இல்லை, வெளியிலிருந்து வருகிறது என்ற நம்பிக்கை. வெள்ளி ஸ்பூன் ஃபார்வர்டுக்கு இவங்கதான் பாட்டன், பூட்டன்.

13/ அறிவியல் மெதுவாத்தான் வந்தது. 1727-ல் பிரான்சின் வையான் சாவுத் தொப்பியை விவரித்தார். 1729-ல் இத்தாலியின் மிக்கேலி, காளானின் தூளை முலாம்பழத் துண்டில் தூவி, அதிலிருந்து அதே வகைப் பூஞ்சை முளைப்பதைக் காட்டினார். காளானுக்கும் 'விதை' உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. சார்லஸ் இறந்தது இதற்கு 11 வருஷம் கழித்து. அறிவு இருந்தது, ஆனா சமையல்கட்டுக்கு வந்து சேரல. இன்னிக்கும் அதே கதைதான்.

14/ இப்ப மறுபடி நம்ம ஊர். ஆம்பூரில் கொல்லப்பட்ட அன்வருத்தீனின் மகன் முகமது அலி வாலாஜா பிறகு ஆற்காடு நவாப் ஆனார். 1770-களில் அவரிடம் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தவர் ஒரு டாக்டர். யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு மிஷன் வைத்தியராக வந்து, நம்ம மண்ணிலேயே தங்கிவிட்டவர். 1785-ல் காக்கிநாடா பக்கம் இறந்தார்.

15/ கோனிக் 1779-ல் கறையான்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கறையான் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து, உள்ளே பூஞ்சைத் தோட்டம் இருப்பதை உலகுக்கு முதலில் எழுதிச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். கறையான் அந்தப் பூஞ்சையை வளர்த்துச் சாப்பிடுகிறது. மழைக்குப் பின் அந்தத் தோட்டம் புற்றுக்கு மேல் குடை விரித்தால், அதுதான் நம்ம புற்றுக்காளான்.

16/ நம்ம ஜனங்களுக்கு அது எப்பவோ தெரியும். 'ஆம்பி' என்ற சொல் சங்கப் பாடல்களிலேயே இருக்கு. புற்றுக்காளானைப் பறிக்கிறவர்கள் சும்மா பிய்க்க மாட்டார்கள், தோண்டிப் பார்ப்பார்கள். தண்டு வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள் இறங்கணும். அது பிரமாதமான அடையாளம். அறிவியல் பின்னால் வந்து அதையே உறுதி செய்தது. 1942-ல் பிரான்சின் ரோஜே ஹைம் இந்தக் குடும்பத்துக்கு 'டெர்மிட்டோமைசஸ்' என்று பெயர் வைத்தார். 1979-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் நம் பகுதி இனம் ஒன்றுக்கு ஹைம் பெயரையே வைத்து 'டெர்மிட்டோமைசஸ் ஹைமி' என்று பதிவு செய்தார்.

17/ அப்போ பாட்டி சொன்னதை நம்பலாமா? நம்பலாம். ஆனா ஒரு நிபந்தனை. பாட்டி சொன்ன மண்ணுல, பாட்டி சொன்ன காளானுக்கு மட்டும். மொத்த த்ரெட்லயும் நான் சொல்ல வந்தது இதுதான். ஊர் அறிவு பொய் இல்லை. ஆனால் அது ஊரைத் தாண்டிப் பயணம் செய்யாது. ஏன் என்று மூன்று உதாரணம் சொல்றேன்.

18/ முதலாவது, பக்கத்து வீட்டு எதிரி. குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ். வெப்பநாடுகளில் மழைக்குப் பிறகு புல்தரையில், காலேஜ் மைதானத்தில், பூங்காவில் வெள்ளை வெளேர்னு பெரிய குடையா நிற்கும். பார்க்க அசல் சாப்பிடும் காளான் போலவே இருக்கும். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி, பேதி பின்னி எடுக்கும். பெரும்பாலும் உயிர் போகாது, ஆனால் குழந்தைகளும் வயசானவர்களும் நீர் வற்றிச் சுருண்டுவிடுவார்கள்.

19/ அதைப் பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு. குடையை வெட்டி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் ஒரு ராத்திரி கவிழ்த்து வைக்கணும். காலையில் வித்துத் தூள் தாளில் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்புச் சாயல். இந்த எதிரிக்குப் பச்சை. ஆஹா, ஈஸியா இருக்கேன்னு நினைக்காதீங்க. பச்சை வந்தா கண்டிப்பா வேண்டாம். பச்சை வரலைன்னா சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. சாவுத் தொப்பியின் தூள் வெள்ளை.

20/ இரண்டாவது, மரம். அமனிடா வகைகளில் பெரும்பாலானவை தனியாக வாழாது, மரத்தின் வேரோடு கூட்டு வைத்துத்தான் வாழும். அந்தக் கூட்டு எல்லா மரத்தோடும் நடக்காது. ஓக், பைன், யூகலிப்டஸ், வட இந்தியாவின் சால் மரம் போன்றவை வேணும். நம்ம பாலாற்றுச் சமவெளியில் வேம்பு, புளி, கருவேலம், ஒரு காலத்துல டேனரிக்குப் பட்டை கொடுத்த ஆவாரை. இவை அந்தக் கூட்டுக்கு ஒத்துவராதவை. அதனால் நம்ம சமவெளிப் பாட்டிக்கு அமனிடாவோடு பழக்கமே கம்மி.

21/ ஊட்டிப் பக்கம் போங்க, கதை மாறும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்ட பைன், யூகலிப்டஸ் தோட்டங்கள். வெளிநாட்டு மரம் வந்தபோது அதன் வேரோடு வெளிநாட்டுக் காளானும் வந்தது. சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த, கார்ட்டூனில் வரும் அமனிடா மஸ்கேரியா நீலகிரி பைன் மரங்களுக்கு அடியில் முளைக்கிறது. மண் பழசு, காளான் புதுசு. அந்த இடத்துக்குச் சமவெளி வீட்டுப் பாடம் செல்லாது. சமவெளியில் பயமே இல்லையா என்றால், அதுவும் இல்லை. லெபியோட்டா என்ற சின்னக் காளான்களில் சில, மரத்துணை இல்லாமலேயே வளரும், அதே அமாடாக்சினோடு.

22/ மூன்றாவது, கேரளா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இனோசைப் என்ற காளான் குடும்பத்தில் புதுசு புதுசா இனங்களைக் கேரள ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டிலும் விவரித்து வருகிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு 'விஷமுள்ளது' என்ற பொருளில் 'விரோசா' என்றே பெயர். இந்தக் குடும்பத்தில் பலவற்றின் விஷம் மஸ்கரின். வியர்வை, கண்ணீர், எச்சில் கொட்டும், கண்பாவை சுருங்கும், நாடி குறையும். பூச்சிமருந்து கேஸ் மாதிரியே இருக்கும். மருந்தும் அதே அட்ரோபின்தான்.

23/ யோசிச்சுப் பாருங்க. 1869-ல் ஜெர்மானிய மருந்தியலாளர் ஷ்மீடபர்க் மஸ்கரினைப் பிரித்தெடுத்ததும் காளானிலிருந்துதான், அந்தப் புள்ளி போட்ட அமனிடா மஸ்கேரியாவிலிருந்து. இன்றும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் படிக்கும் 'மஸ்கரினிக் ரிசப்டர்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஒரு பக்கம் காளான் நமக்கு மருந்தியலையே சொல்லிக் கொடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம், நம்ம காட்டுல என்னென்ன காளான் இருக்குன்னு நிபுணர்களுக்கே பட்டியல் இன்னும் முடியல. நீங்களும் நானும் போட்டோ பார்த்து முடிவு பண்ணலாமா?

24/ ஊர் அறிவு பயணப்பட்டால் என்ன ஆகும்? ஆசியாவில் வைக்கோல் காளான் என்று ஒன்று உண்டு. மொட்டாக இருக்கும்போது சாவுத் தொப்பிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் 2011 கடைசி நாள் விருந்தில், வைக்கோல் காளான் என்று நினைத்துச் சமைத்த சாவுத் தொப்பியால் இரண்டு பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கொரியக் குடும்பத்தில் நான்கு பேருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியதாயிற்று. இவங்க யாரும் முட்டாள்கள் இல்லை. சொந்த ஊர்ல இவங்க கண் சரியா இருந்திருக்கும்.

25/ 2015-ல் சிரியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன அகதிகளில் பலர், சொந்த நாட்டில் பறித்த காளான் போலவே இருக்கிறதே என்று காட்டில் பறித்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் அரபு, குர்திஷ் மொழிகளில் எல்லாம் எச்சரிக்கை போஸ்டர் அடித்தது. போரில் தப்பியவனைக் காளான் பிடித்துக்கொண்டது. நம்ம பெல்ட்ல வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்க. ஜெர்மனி, ஆஸ்திரேலியா, கனடாவில் இருக்கிற தம்பி தங்கச்சிக்கு இந்த ஒரு பதிவையாவது அனுப்புங்க.

26/ நம்ம நாட்டுலயும் அதேதான். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் திப்ரூகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். அங்கே காளான் ஃபேன்ஸி உணவு இல்லை, கறி வாங்கக் காசில்லாத நாளில் கறிக்குப் பதிலாகச் சட்டியில் விழுவது. "ஏன் தெரியாததைச் சாப்பிட்டாங்க?" என்று கேட்கும் முன் இதையும் நினைக்கணும்.

27/ சிகிச்சை வரலாறும் ஒரு விநோதம். 1930-களில் பிரான்சில் முயலின் பச்சை மூளையும் இரைப்பையும் ஊட்டினார்கள். முயல் இந்தக் காளானைத் தின்றும் சாகவில்லையே, அதில் மருந்து இருக்கும் என்று ஒரு கணக்கு. பிறகு பியேர் பாஸ்டியன் என்ற பிரெஞ்சு டாக்டர், தன் சிகிச்சை முறை சரி என்று நிரூபிக்கத் தானே சாவுத் தொப்பியைச் சாப்பிட்டுக் காட்டினார். பிழைத்துக்கொண்டார். தயவுசெய்து யாரும் ட்ரை பண்ணாதீங்க.

28/ உண்மையான விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1941-ல் ஜெர்மனியில் ஹைன்ரிக் வீலாண்டும் ஹாலர்மயரும் அமானிட்டினைப் பிரித்தெடுத்தார்கள். 1960-களில் இத்தாலியின் ஸ்டிர்ப்பேயும் ஃபியூமேயும் அது எங்கே அடிக்கிறது என்று காட்டினார்கள். செல்லுக்குள் டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியை அது நிறுத்துகிறது. கையிருப்புப் புரதம் தீரும் வரை செல் ஓடும், தீர்ந்ததும் சாகும். அந்த அமைதியான மணி நேரங்களுக்குக் காரணம் இதுதான்.

29/ இன்னொன்று. விஷம் கல்லீரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்கு வந்து, மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும். அதனால்தான் சீக்கிரம் வந்தால் கரித்தூள் கொடுத்து அந்தச் சுற்றை உடைக்கப் பார்க்கிறோம். நிறைய குளுக்கோஸ், உப்புநீர், என்-அசிட்டைல் சிஸ்டீன், கிடைக்கும் இடத்தில் சிலிபினின். கடைசி வழி கல்லீரல் மாற்று. நூறு சதவீதம் வேலை செய்யும் முறிமருந்து இன்னும் இல்லை. எங்க கையில் இருக்கிற பெரிய மருந்து நேரம்தான்.

30/ இப்ப அந்த ஃபார்வர்டு.
வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அமாடாக்சின் ஸ்பூனைக் கறுக்க வைக்காது.
பூச்சி, நத்தை, முயல் தின்ற காளான் நமக்கும் பாதுகாப்பு என்பது பொய். அவற்றின் உடம்பு வேற.
தோல் உரிந்தால் நல்ல காளான்: பொய். சாவுத் தொப்பிக்கும் உரியும்.
கலர் பளிச்சுன்னு இருந்தாத்தான் விஷம்: பொய். மிக மோசமானவை வெள்ளையும் வெளிர் பச்சையும்.
மொபைல் ஆப்: வாழ்க்கையை அதன் கையில் கொடுக்காதீங்க.

31/ சாப்பிட்ட பிறகு யாருக்காவது வாந்தி, வயிற்று வலி வந்தால்:
• உடனே 108. மோர், எலுமிச்சை, உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம்.
• மிச்சக் காளான், சமைத்தது, குப்பையில் போட்ட காம்பு, எதுவானாலும் பேப்பரில் சுற்றி எடுத்து வாங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அழுகிடும்.
• எங்கே, எந்த மரத்தடியில் பறித்தது என்று சொல்லுங்க.
• அதே சட்டியில் சாப்பிட்ட எல்லாரையும் கூட்டி வாங்க, நல்லா இருக்கிறவரையும்.

32/ நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி "எந்தக் காளான்?" இல்லை. "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்பதுதான். ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் ஆபத்துக் குறைவு. ஆறு மணி நேரம் தாண்டி ஆரம்பித்தால், வேறு காரணம் நிரூபணம் ஆகும்வரை அது கல்லீரல் விஷம் என்றே எடுத்துக்கொள்வோம். ரெண்டு மூணு வகையைக் கலந்து சமைத்திருந்தால் இந்தக் கணக்கும் ஏமாற்றும். அதனால் சீக்கிரம் ஆரம்பித்திருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம். வாந்தி நின்றாலும் "இன்னும் ரெண்டு நாள் இருங்க, லிவர் டெஸ்ட் திரும்ப எடுக்கணும்" என்று டூட்டி டாக்டர் சொன்னால், சண்டை போடாம இருங்க.

33/ காளான் பிரியர்கள் கோவிச்சுக்க வேண்டாம். பால் காளான் நம்ம நாட்டுக் காளான். 1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதில் ஏ.பி.கே.-1 என்ற ரகத்தை வெளியிட்டு, நம்ம வெயிலிலேயே கொட்டகையில் வளர்க்க வழி காட்டியது. கடையில் கிடைக்கும் பால் காளான், சிப்பிக் காளான், பட்டன் காளான் எல்லாம் வளர்த்தது. தாராளமா பிரியாணியில் போடுங்க. பேரரசர் சார்லஸுக்கு இந்த வசதி இல்லை, நமக்கு இருக்கு.